குப்புறப் படுக்க முடியாதவள்

சுன்ஹி: குப்புறப் படுடி ஒக்புன். முதுகு தேய்க்கணும்ல?

ஒக்புன்: ஒருக்களிச்சே தேய்ங்கக்கா. போதும்.

சுன்ஹி: மாசான் ஊர்ப் பொம்பளைங்களை இருபது வருஷமா இதே பொதுக் குளியல் கூடத்துல கூலிக்குப் புரட்டிப் புரட்டி அழுக்குத் தேய்ச்சவ நீ. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?

ஒக்புன்: தோள்ல ஆபரேஷன்னு சொன்னேன்ல...

சுன்ஹி: சொன்னே. தோள்ல தழும்பையே காணோம். எல்லாரும் அம்மணமா கிடக்கிற இடத்துல நீ மட்டும் இறுக்கமா உள்பாடி போட்டிருக்கே.

ஒக்புன்: அது... குளிருது.

சுன்ஹி: வெந்நீர்த் தொட்டி பக்கத்துலயா? தழும்பு எங்கேன்னு நான் சொல்றேன். காம்பைச் சுத்தி ஒரு வட்டம். அங்கேருந்து கீழே ஒரு கோடு. அடி மடிப்புல குறுக்க ஒரு கோடு. சரிதானே?

ஒக்புன்: யாருக்கா சொன்னா?

சுன்ஹி: யாரு சொல்லணும்? மருந்துக்கடைக்காரி, ஸ்கூல் டீச்சரம்மா... நான் தேய்க்கிறவங்கள்லயே நாலு பேருக்கு இருக்கு. மாரைக் குறைச்சுக்கிட்டு வந்து என்கிட்டயே மறைக்கிறா பாரு!

ஒக்புன்: அம்பத்தொரு வயசுல இவளுக்கு அழகு கேக்குதான்னு சிரிப்பீங்களோன்னு...

சுன்ஹி: சிரிச்சிருப்பேன். ரெண்டு நாள் சிரிச்சுட்டு விட்டிருப்பேன்.

ஒக்புன்: முடியலக்கா. இந்தப் பாரத்தோட குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு. உள்பாடிப் பட்டை அழுத்தித் தோள்ல குழி. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒண்ணரைக் கிலோ எடுத்தாங்க.

சுன்ஹி: அடிப்பாவி, ஒரு கோழி! இப்ப எப்படி இருக்கு?

ஒக்புன்: கழுத்து மறுநாளே லேசாயிருச்சு. மத்ததுதான்... வீக்கம் வடியறதுக்குப் பூசணிச்சாறு குடிச்சுக் குடிச்சு அலுத்துப்போச்சு, இன்னும் வடியல. மல்லாந்தே தூங்கி இடுப்பு விட்டுப்போச்சு. இடது பக்கம் பெருசா தெரியுது. ஒரு காம்புல தொட்டா ஒண்ணுமே தெரியலக்கா.

சுன்ஹி: ஆறு மாசம் போகட்டும், அமைஞ்சுடும். தழும்பு முதல்ல சிவந்து தடிக்கும், பயப்படாதே. வருஷம் ஒண்ணு ஆனா வெளுத்துடும். உணர்ச்சி... மருந்துக்கடைக்காரிக்கு வந்துடுச்சு. டீச்சரம்மாவுக்கு வரவே இல்ல. அதையும் சொல்லணும்ல.

ஒக்புன்: டாக்டரும் சொன்னார். இவ்வளவு நேரா சொல்லல.

சுன்ஹி: எத்தனை வாரம் ஆச்சு?

ஒக்புன்: மூணு. நாளைக்கு வேலைக்கு வந்துடறேன்.

சுன்ஹி: பைத்தியமாடி உனக்கு? ஆறு வாரத்துக்குக் கையை உசத்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தையல் பிரிஞ்சா யாரு பாக்கறது?

ஒக்புன்: வராம என்ன செய்ய? அங்க புதுசா ஒருத்தி தேய்க்கிறா...

சுன்ஹி: அவ கிடக்கா. காலை நீட்டு.

ஒக்புன்: இல்லக்கா, கேளுங்க. இந்தக் கூடத்துல ஆளைப் படுக்கவச்சுத் தேய்க்கிற மேஜையே ரெண்டுதான். அவ உங்க மேஜையில நிக்கிறா. நீங்க என் மேஜைக்கு வந்துட்டீங்க. அப்ப என் இடம் போச்சு. அதானே? சொல்லிடுங்கக்கா. கோவிச்சுக்க மாட்டேன். கோவப்படக்கூடத் தெம்பு இல்ல.

சுன்ஹி: முதலாளியம்மா உன்னைத்தான் வேலையிலேருந்து நிறுத்தறேன்னா. அதுக்குப் பதிலா என்னை நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன். அந்தப் புதுசா வந்தவ என் இடத்துக்குத்தான் வந்திருக்கா. என் மணிக்கட்டு எப்பவோ போச்சுடி, சாப்பிடற குச்சியைக்கூடப் பிடிக்க முடியல. நீ வர்ற வரைக்கும்தான் இங்க நிக்கிறேன். ஆறு வாரமும் முடிச்சுட்டு மெதுவாவே வா... எனக்கும் இங்கேருந்து போக மனசு வரல.