ட்ரம்ஸ் நின்ற இடம்

— இரும்மா, ஊசியை மறுபடியும் வைக்கிறேன். இந்தத் தடவை நல்லாக் கேளு.

— மறுபடியுமா? நாள் முழுக்கக் கடையில பழைய ரெக்கார்டுதான் விக்கிற. வீட்டுக்கும் அதையே தூக்கிட்டு வந்தா என் காது என்னத்துக்குடி ஆகும்?

— இது அந்த மாதிரி இல்லம்மா. பங்க் ராக்குன்னு கத்திப் பாடுவாங்களே, அதுல யாருக்கும் தெரியாத பேண்டுங்களைத் தேடிப் பிடிச்சு, ஆளுக்கு ஒரு பாட்டுன்னு ஒண்ணாச் சேர்த்துப் போட்டிருக்காங்க. இந்த ஒரு பாட்டு மட்டும் யாரோடதுன்னு அட்டையிலயே இல்ல. 'கார் ஷெட்டுல பதிவானது', அவ்வளவுதான்.

— அதெல்லாம் கெடக்கட்டும். மீதி பீன்ஸையும் நறுக்கணும், தள்ளு.

— நறுக்கிக்கிட்டே கேளு. பாடுறவன் தொண்டை கிழியக் கத்துறான், கிட்டார் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு ஓடுது. நடுவுல ட்ரம்ஸ் பொசுக்குன்னு நின்னுடும். அப்புறம் திரும்ப வரும் பாரு... எங்க முதலாளி அந்த இடத்துல கண்ணை மூடிக்குவார்.

— அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?

— அசிங்கமா? அந்த இடத்துக்காகத்தாம்மா இந்த ரெக்கார்டையே தேடி வர்றாங்க. சத்தியமா.

— பொய் சொல்லாத.

— உன் மேல சத்தியமா. சரி, இப்ப நீ சொல்லு. கொஞ்சம் முன்னாடி போட்டப்ப, ட்ரம்ஸ் நிக்கறதுக்கு முன்னாடியே உன் கத்தி நின்னுச்சு. அது திரும்ப வந்தப்ப கத்தியும் சேர்ந்து வந்துச்சு. முதல் தடவை கேக்குற பாட்டுல அது எப்படி?

— கத்தி மழுங்கிப்போச்சு. அதான்.

— அம்மா...

— சரி, நான்தான். ஏன் இப்படி முழிக்கிற? நீ பொறக்கறதுக்கு முன்னாடி என் கையிலயும் குச்சி இருந்துச்சு. உங்கப்பாதான் ட்ரம்ஸைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வருவார்.

— நீயா! நான் மேசையில தாளம் போட்டாலே திட்டுவியே!

— கேட்டா மனசு என்னமோ பண்ணும்டி. இரவல் ஷெட்டு, இருந்தது ஒரே டேப். நடுவுல நான் நிறுத்திட்டேன். மறுபடி பதிய வழியில்ல. பசங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப்போச்சு. பேண்டும் அதோட கலைஞ்சுது. என்னாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் உறுத்திக்கிட்டே இருக்கு.

— நீ எதையும் கெடுக்கலம்மா. நீ நிறுத்துன இடம்தான் அந்தப் பாட்டே.

— நிஜமாவா? அந்தப் பசங்க மூஞ்சியை இப்பப் பாக்கணும் போல இருக்கு.

— ஆனா ஏம்மா நிறுத்துன?

— அவங்களும் கேட்டாங்க. கை மரத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். நிஜக் காரணத்தைச் சொன்னா, பழி ஒரு பாவமும் அறியாத ஆள் மேல போயிடும்ல? உங்கப்பாகிட்ட மட்டும் வர்ற வழியில சொன்னேன். ட்ரம்ஸை நடுரோட்டுல இறக்கி வச்சுட்டு அழுதார் மனுஷன்.

— கோவத்துலயா?

— சந்தோஷத்துலடி. கிட்ட வா, கையைக் கொடு. இதோ, இங்கதான்... நான் குச்சியை ஓங்கினேன், நீ முதல் தடவையா உதைச்ச.