இழுபட்ட படலம்

— மறுபடியும் திரையில நேர்கோடுதானே, வீப்கே? உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

— நேத்து வரைக்கும் நேர்கோடுதான், புரொபசர் ஹாகெடோர்ன். படலம் தடிச்சுப் போனா இழுப்பு விட்டுப் போகுதோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க சொன்ன தடிமன்லதான் வளர்க்கறேன்.

— தடிமன் மேல பழி போடாதே. உன் கை அப்படி. பழைய கட்டடத்துல, வாசல்ல ட்ராம் போனா மேஜையே ஆடும். அதுலயே நான் வளையத்தை வரவழைச்சேன். பெர்லின்ல முதல் ஆள் நான்தான்.

— அது எல்லாருக்கும் தெரியும்.

— பின்ன என்ன? அடியில இருக்கிற படிகத்துல அணுக்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கு. மேல வளர்ற ஆக்சைடு படலம் அந்த இடைவெளிக்கு இழுபட்டே ஆகணும். இழுபட்டா அதுக்கு மின்சார ஞாபகம் வரும். எந்தப் பக்கம் தள்ளி விட்டாலும் அந்தப் பக்கமே நிக்கும். அதுக்கு அத்தாட்சி திரையில வர்ற வளையம்; ஞாபகம் இல்லேன்னா வெறும் நேர்கோடு. அதை வெச்சுத்தான் எனக்கு இந்த நாற்காலியே கிடைச்சுது.

— அந்தப் படலம் அதே ஆக்சைடோட படிகத்து மேலயே, இழுபடாம வளர்ந்தா?

— செத்த படலம். ஒண்ணும் காட்டாது.

— அப்ப நீங்க அதையும் அளந்து பாத்தீங்களா? ஒப்பிடறதுக்கு?

— செத்ததுக்கு யாராவது நாடி பிடிச்சுப் பாப்பாங்களா? வெள்ளிக்கிழமையோட உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கா?

— அதை நினைச்சுத் தூக்கமே போச்சு. காலைல ஒண்ணு அளந்தேன். இதைப் பாருங்க.

— என் கண்ணாடி எங்க... அட! வீப்கே! வளையம்!

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— இதுல பாக்க என்ன இருக்கு? என் வளையமேதான். அதே உப்பல், அதே மழுங்கின முனை. பக்கத்துல வெச்சா எது யாருதுன்னு எனக்கே தெரியாது.

— ஞாபகமே இல்லாம, வெறுமனே கரண்ட் கசிஞ்சாலும் இப்படி ஒரு வளையம் வரும்னு சொல்றாங்களே?

— வயித்தெரிச்சல் பிடிச்சவங்க. அன்னிக்கு என்னையும் அப்படித்தான் சொன்னாங்க. இது அசல், எங்க வேணா அடிச்சுச் சொல்வேன். பேனாவைக் குடு, உன் நீட்டிப்புல கையெழுத்துப் போட்டுடறேன்.

— போடாதீங்க.

— என்ன ஆச்சு உனக்கு?

— பயமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிடறேன். இழுபட்ட துண்டு இன்னிக்கும் நேர்கோடுதான். நீங்க உங்களோடதேன்னு சொன்ன இந்த வளையம், நீங்க அளக்காம விட்டீங்களே, அந்தச் செத்த படலத்தோடது.