தாய்மாமன் எடுத்த பதினான்கு நிமிடம்

"எத்தன தடவ அமுக்குனாலும் அது திறக்காதுங்க மேடம். ஃபைல் கெட்டுப்போகலீங்க. உங்க கம்ப்யூட்டருக்கு அதப் படிக்கத் தெரியல, அவ்வளவுதானுங்க."

"ஸ்டேஷன்ல மூணு கம்ப்யூட்டர் இருக்கு. மூணுக்குமா தெரியாது?"

"மூணுக்கும் தெரியாதுங்க. நா வேணும்னா எழுதிக் குடுத்தரட்டுங்களா? எழுதுனது எங்கயும் திறக்குமுங்க."

இன்ஸ்பெக்டர் கனகம் மேடம் ஆறு வெள்ளைத் தாள் கொடுத்தார். சர்க்கரை குறைவாக ஒரு டீயும் சொன்னார். இரண்டுக்கும் நன்றி.

என் பெயர் சசிதர். வயது இருபத்தாறு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் கல்யாண வீடியோக்களை எடுத்து, தொகுத்துக் கொடுக்கிறேன். வீடியோ தயாராகும்வரை கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பதால், அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். அவற்றில் பெரும்பாலும் பனி பெய்யும். குற்றம் செய்தவர்கள் காய்ச்சலில் படுத்திருப்பார்கள். எனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை.

மேடத்தின் மேஜையில் திரை நொறுங்கிக் கிடக்கும் கேமராவில், காலமான ஈஸ்வரமூர்த்தி மாமா கடைசியாக எடுத்த பதினான்கு நிமிடம் இருக்கிறது. அது திறந்தால் வழக்கு முடிந்துவிடும் என்கிறார் மேடம். திறக்காமலேயே முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமா எனக்குச் சொந்தமில்லை. மணப்பெண் ரித்திகாவின் தாய்மாமன். ஆனைமலையில் தென்னை நார் மில் வைத்திருந்தார். எல்லோரும் மாமா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கல்யாணம் மாசியில், பொள்ளாச்சிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. மாப்பிள்ளையின் தங்கை செய்யும் இணைச்சீர்வரை எல்லாம் நன்றாகவே வந்தது. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கதிர்வேலும் மறுமுனையை அவர் தங்கையும் பிடித்து நிற்கும் காட்சியை இப்போதும் யாருக்கும் காட்டத் தயார். அதன்பின் தாலி கட்டும் நேரத்தில், மகன் கனடாவிலிருந்து கொண்டுவந்த கேமராவுடன் மாமா எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமனைத் தள்ளி நிற்கச் சொல்லும் வழக்கம் இல்லை. "மாமா, கொஞ்சம்…ங்க" என்றேன். 

"நீ உன்ற வேலையப் பாரு தம்பி. நா என்ற ஆசைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

தாலி கட்டிய நேரத்தில் என் இரண்டு கேமராக்களிலும் இருப்பது ஒரு சந்தன நிறச் சட்டையின் முதுகு. தாலி கட்டியது மாமாவின் கேமராவில் மட்டும்தான் இருந்தது. அவரே பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். என் எடிட்டிங் மென்பொருள், இந்த வகைக் கோப்பு தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது.

கோப்பை வேறு வகைக்கு மாற்ற, இலவசமாகக் கிடைத்த கன்வெர்ட்டர்களில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் தாலியின் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர் பட்டையாக விழுந்தது. இன்னொன்றில் கெட்டிமேளம் முடிந்து இரண்டு வினாடி கழித்து மாப்பிள்ளை கையைத் தூக்கினார். மூன்றாவதில் இரு வீட்டாரும் கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் அட்சதை போட்டார்கள். மொழிபெயர்ப்பிலும் ஏதாவது தொலையும், எனக்குத் தெரியும். ஆனால் தொலைவது தாலியாக இருக்கக் கூடாது.

மாமா மறுபடி வந்தார். "ஃபைல் பேருக்குக் கடசீல இருக்கற மூணெழுத்த மாத்திப்போட்டேன் தம்பி. இப்பப் போட்டுப் பாரு."

"பேர மாத்துனா உள்ள இருக்கறது மாறாதுங்க மாமா."

"அட, என்ற மில்லுக்கே மூணு தடவ பேர் மாத்தியாச்சு. நாரு நல்லாத்தான் வருது."

"அதத்தானுங்க நானுஞ் சொல்றேன்."

கேமராவின் மெனுவில் ஓர் இடத்தை மாற்றினால் எல்லா மென்பொருளிலும் திறக்கும்படி எடுக்கும் என்று காட்டினேன். "புதுக் கேமராவுல பழசாட்ட எடுக்கறதுக்கா என்ற பையன் அத்தன தூரத்துல இருந்து சொமந்துட்டு வந்தான்?" என்று சிரித்தார். அவர் நல்ல மனிதர். இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பெண்ணின் அம்மா ராசாத்தாள் தினமும் காலையில் போன் செய்தார். "தாலி கட்டறத மட்டுங் காணமே கண்ணு. சம்பந்தி ஊட்டுல கேட்டா நா என்னத்தக் காட்டறது?"

ரித்திகா மட்டும், "விடுங்கண்ணா. கட்டுனது எனக்குத் தெரியுமில்ல" என்றார். படித்த பெண். ஆனால் என் எடிட்டிங் திரையில், படம் இல்லாத அந்த இடம் சிவப்புக் கட்டமாக இருந்தது. அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணம் முடிந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

எனவே இன்னொரு முறை கட்டலாம் என்று நான்தான் சொன்னேன். சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரரைக் கேட்டார்கள். "மறுக்காக் கட்டறது வழக்கத்துல இல்லீங்க. கட்டக்கூடாதுன்னும் ஆரும் சொன்னதில்லீங்க" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது. வைகாசியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, அதே மண்டபம். அதே சேலை. கதிர்வேல் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தார்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ராசாத்தாள் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "அண்ணனுக்குச் சொல்லாமத் தாலி கட்டறதாடா கண்ணு?"

மாமா வந்தார். அதே சந்தன நிறச் சட்டை. அதே கேமரா. கெட்டிமேளம் தொடங்கியதும் அதே இடத்தில் வந்து நின்றார். இரண்டாம் முறை கட்டியதும் எனக்கு முதுகாகத்தான் விழுந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அடிக்கோடிட்டிருக்கிறேன். ஒரு முடிவுக்கு மட்டும் வந்தேன், அதுவும் அந்த நொடியில்தான்.

"மாமா, மொட்டமாடீல மலையப் பின்னாடி வெச்சு எடுத்தா அருமையா இருக்குமுங்க. பொண்ணு மாப்ள மேல வர்ற வரைக்கும் நா நிக்கறேன், நீங்க ஃப்ரேம் பாத்துக்குங்க" என்றேன். அவர் சிறுபிள்ளை போலப் படியேறினார்.

மாடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. வடக்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. காலை எட்டு மணிக்கே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். குறுக்கே கட்டியிருந்த சவுக்குக் கம்பையும் அவிழ்த்துவிட்டிருந்தேன். யார் காலாவது தடுக்கிவிடும்.

நான் தெற்கே மலைக்கு முன்னால் நின்றேன். அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் பின்னாடி போங்க மாமா. மலை முழுசா வரட்டுங்க."

"இதுக்கு மேலயுமா?"

"ஒரே ஒரு அடிங்க."

"நீ சிரிக்காம நில்லு தம்பி" என்றார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது. நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

நான் அவரைத் தொடவில்லை. யாரோ ஒருவர் மாசியிலேயே சொல்லியிருக்க வேண்டியதை வைகாசியில் சொன்னேன், அவ்வளவுதான். மொத்தம் ஏழு முறை கேட்டுக்கொண்டேன். ஒரு முறைகூட மரியாதை குறையவில்லை. அந்தக் கோப்பில் ஒலி இருந்தால் நீங்களே கேட்கலாம்.

கீழே ஜல்லிக் குவியல். படியிறங்கிப் போய்ப் பார்த்தபோது மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமா, கேமராவிடமா என்று தெரியவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்தவர் பொருள் என்பதால் அணைக்கவில்லை. பதினான்கு நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் நான் இருப்பேன். மீதிப் பதினொன்றும் வானமாக இருக்கும்.

அந்தப் பதினொரு நிமிடத்தை நான் வீணாக்கவில்லை. உள்ளே போய், இன்னும் ஒரே ஒரு முறை என்று கேட்டுக்கொண்டேன். ராசாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "அண்ணன எங்க காணம்?"

"மாடீல எடுக்கப் போனாருங்க."

கதிர்வேல் மூன்றாவது முறையாகத் தாலி கட்டினார். குறுக்கே யாரும் வரவில்லை. அந்தக் கோப்பு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

தாளில் இன்னும் பாதி மிச்சமிருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வழக்குக்கு இது தேவையில்லாமலும் இருக்கலாம். மாமாவின் கோப்புகளைத் திறக்கும் மென்பொருளைப் பங்குனியிலேயே வாங்கிவிட்டேன். முதல் கோப்பு நான்கு நிமிடத்தில் திறந்தது. தாலி கட்டுவது முழுவதும் இருந்தது. அவர் கை ஆடவே இல்லை. முடிச்சு விழும்போது ரித்திகா அம்மாவைத் தேடிப் பார்ப்பதுகூட விழுந்திருந்தது. அதை என் காட்சிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். என்னுடையது ஒவ்வொன்றும் வெளிறிப்போனது. ஒன்றோடு ஒன்று சேராத இரண்டு வகைகள். அதனால் மூடிவிட்டேன். சேரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், அது பொய்யில்லை.

மேடம், அந்தக் கேமராவை எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே மாற்றித் தருகிறேன், குறுக்கே யாருடைய பெயரும் விழாது. கடைசி அடிக்கு முன் நான் சிரித்தேனா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதையும் அவர் நன்றாக எடுத்திருக்கிறாரா என்றும். தருவீர்களா?