சத்தமில்லாத பதின்மூன்றாம் பாகம்

கழுதைக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் அது கத்தாது. இதை நாங்கள் முதல் வாரத்திலேயே படித்துக்கொண்டோம். மன்னார்த் தெருவில் நேரம் காலம் இல்லாமல் கத்துகிற கழுதைகள், வஸீர் நானா மைக்கை நீட்டியதும் அதிபரைக் கண்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றன. கடைசியில் மைக்கை மீன்பெட்டிக்குள் ஒளித்து வைத்துத்தான் ஒரு கத்தலைப் பிடித்தோம். அதைக் கணினியில் இழுத்து மெதுவாக்கினால் வேற்றுக்கிரகத்து அரக்கன் தயார். மன்னார்த் தீவிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து தாயின் மடியில் ஏறினார்கள். வாசலில் நின்ற கழுதைக்கு ஒருவரும் பயப்படவில்லை.

அந்த நாட்கள் எவ்வளவு சந்தோசமானவை என்று தெரிந்தால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும். ஆகையால் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

என் பெயர் வேணுஜா. உயிலங்குளத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வஸீர் நானா மன்னாரில் கேபிள் ரீவி நடத்துகிறவர். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் லண்டனிலிருந்து வரும்போது, பழைய பிரித்தானிய விண்வெளித் தொடர் ஒன்றின் ஒரு சீசனைக் கொண்டுவந்து கொடுத்தார். அரை நூற்றாண்டுக்கு முந்தியது. பதின்மூன்று பாகங்கள். வீட்டுக்குப் போகும் வழியைத் தொலைத்துவிட்ட ஒரு விண்கப்பல், வாராவாரம் ஒரு கிரகத்தில் இறங்கும். எல்லாக் கிரகமும் ஒரே கல்லுக்குழிதான். கதவைச் சாத்தினால் கப்பலின் சுவர் ஆடும். வெள்ளி உடுப்பு அரக்கனின் முதுகில் ஸிப் தெரியும். ஆனால் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கைவிடமாட்டார்கள். எங்கள் சனத்துக்குப் பிடித்ததே அதுதான்.

தமிழில் போட்டால் என்ன என்று வஸீர் நானா கேட்டார். உரிமை கிரிமை பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. வசனம் எழுதியது நான். பெண் குரல்கள் எல்லாமும் நான். வைத்தியர், கப்பலின் கணினி, பனிக் கிரகத்து ராணி, அவளுடைய கிழட்டுத் தாய், எல்லோரும் என் தொண்டைக்குள்ளிருந்துதான் வந்தார்கள். கப்டனுக்கு மட்டும் குரல் கிடைக்காமல் இரண்டு வாரம் அலைந்தோம். ஒருநாள் பஸ் நிலையத்தில் ஓர் ஓட்டோக்காரன், "ஏறுங்கோ, மழைக்கு முன்னம் கொண்டுபோய் விடுறன்" என்று யாரிடமோ சொன்னான். வஸீர் நானா கையில் இருந்த வாழைப்பழத்தைக் கீழே போட்டுவிட்டு அவனிடம் ஓடினார். அவன்தான் நௌபர்.

கடற்கரையில் மூடிக்கிடந்த வஸீர் நானாவின் ஐஸ் கம்பனிதான் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம். பழைய குளிர் அறைக்குள் வெளிச்சத்தம் ஒரு துளியும் வராது. போனுக்குச் சிக்னலும் வராது. நௌபர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே நிற்பான். நான் வெளியே கணினி மேசையில். கனத்த கதவு நடுவில்.

என்ன கூத்தெல்லாம் நடந்தது என்கிறீர்கள். மீன் வாடியில் நௌபரைக் கண்டால் வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிமார் சலாம் சொல்லாமல் சல்யூட் அடித்தார்கள். பெரியமடுவில் ஒரு கலியாணத்தின் முகூர்த்தத்தையே எங்கள் ஒளிபரப்புக்காக முன்னே தள்ளினார்கள் என்று கேள்விப்பட்டோம். என் வகுப்பில் ஒரு வாண்டு, வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "கப்டன், எரிபொருள் முடிஞ்சு போச்சு" என்றது. நான் அடிக்கவில்லை. அந்த வசனம் நான் எழுதியதுதானே.

நௌபரின் உம்மா புத்தளத்தில் அவனுடைய தங்கை றஸ்னாவோடு இருந்தார். மதியமானால் மகனுக்குப் போன் எடுப்பார். கதவைத் திறந்து மூட நேரம் போகும் என்று, அவனுடைய போனை என் மேசையில் வயரில் கொழுவி, அழைப்பை நேரே அவனுடைய ஹெட்போனுக்கு அனுப்பிவிடுவேன். "கப்டன் சாப்பிட்டாரா? அந்த டீச்சர் புள்ளைக்கும் குடுத்தியா?" என்று உம்மா கேட்பது எல்லோருக்கும் கேட்கும். மூச்சு வாங்கி, 'மகன்' என்கிற சொல்லைக் கொஞ்சம் நீட்டுவார். இரண்டு நாளில் அந்தக் குரல் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் விளையாட்டாக, உள்ளே நிற்பவனோடு பேச என் மேசையில் இருந்த மைக்கைத் தாவணித் தலைப்பால் மூடிக்கொண்டு, "மகன், என்ன குரல் அடைச்சிருக்கு?" என்றேன். உள்ளே நின்ற நௌபர் திடுக்கிட்டு, "உம்மா, எப்ப எடுத்தீங்க?" என்றான். வஸீர் நானா கதிரையோடு பின்னால் விழுந்தார்.

உம்மாவுக்கும் செய்து காட்டச் சொன்னான். காட்டினேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அல்லாஹ்வே, இது நானேதான். இனி எனக்குக் களைப்பெண்டாப் போய்ப் படுப்பன். இந்தப் புள்ள கதைக்கும்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவரே சொன்னது.

இப்போது பதின்மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். அதில் படம் இருந்தது, சத்தம் இல்லை. அங்கேயே எப்போதோ அழிந்துவிட்டதாம். முடிவில் கப்டன் மற்ற எல்லோரையும் சிறிய ஓடத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, உடைகிற கப்பலில் தனியே நிற்கிறார். கமெராவைப் பார்த்து நீண்ட நேரம் பேசுகிறார். என்ன பேசினார் என்று உலகத்தில் எவருக்கும் தெரியாது. அந்த வசனம் முழுக்க முழுக்க என்னுடையது. ஒரு வாய் அசைந்து குரல் இல்லாமல் போனால், யாராவது பேசத்தானே வேண்டும். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். வஸீர் நானா படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

நௌபருக்கு அது வரவில்லை. மதவாச்சி, அனுராதபுரம் என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி வாசித்தான். சனிக்கிழமை பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் பெரிய திரை கட்டிக் காட்டுவதாக ஊரெல்லாம் அறிவித்தாகிவிட்டது. முசலியிலிருந்தும் ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை றஸ்னா போன் எடுத்தாள். நௌபர் உள்ளே நின்றான். உம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறது, நௌபர் நானாவை வரச்சொல்லுங்கோ என்றாள். சொல்கிறேன் என்றேன். வயதானவர்களுக்கு வருத்தம் வருவதும் போவதும்தானே. நான் மைக்கை மூடிக்கொண்டு, "மகன், லேசாக் காய்ச்சல். தங்கச்சி சும்மா பயப்படுறா. நீ வேலைய முடிச்சிட்டு வா" என்றேன். அவன் நிம்மதியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். றஸ்னாவுக்கு, அவனுக்கு இங்கே தவிர்க்க முடியாத வேலை, சனிக்கிழமை வருவான் என்றேன். போனில் சார்ஜ் ஏறுவதில்லை, வயரைக் கழற்றினால் அணைந்துவிடும் என்று அவனிடம் சொல்லி, அதை என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது.

சனிக்கிழமை காலை வஸீர் நானா மைதானத்தில் திரை கட்டப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான். மிச்சம் இருந்தது அந்த ஒரு காட்சி. மூன்று தடவை எடுத்தும் சரிவரவில்லை. அப்போது போன் அடித்தது.

"அக்கா, நானாட்டக் குடுங்கோ." றஸ்னா அழுதுகொண்டே சொன்னாள். "உம்மா மவுத்தாகிட்டா. விடியச் சுபஹு நேரம். பின்னேரம் அஸருக்கு அடக்கம். உடன வெளிக்கிட்டா வந்து முகம் பார்க்கலாம்."

உடனே வெளிக்கிட்டால் பார்த்திருக்கலாம்தான். அதை நான் மறுக்கவில்லை. புத்தளத்துக்கு என்ன, மதவாச்சியால் சுற்றிப் போனாலும் மதியம் திரும்புவதற்குள் போய்விடலாம். ஆனால் போய் என்ன செய்வது என்று நான் யோசித்தேன். உம்மா போய்விட்டார். அவர் இனி இவனிடம் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. இங்கே, தீவு முழுவதும் அவனுக்காகக் காத்திருந்தது.

"இப்பவே அனுப்புறன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நானும் மனிசிதானே. பிறகு ஹெட்போனில், "நௌபர், உம்மா லைனில" என்றேன். தலைப்பால் மைக்கை மூடினேன்.

"மகன்" என்றேன். "எனக்கு இப்ப ஒரு வருத்தமும் இல்ல. உன்ட குரல் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கு. நீ ஆரையும் விட்டுட்டு ஓடுற புள்ள இல்ல. உன்னைப் பெத்த வயிறு குளிர்ந்து கிடக்கு. அல்லாஹ்ட காவல் மகன்."

"ஏன் உம்மா இப்பிடிக் கதைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டான். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் எழுத்தாளன். அழைப்பு முடிந்த சத்தத்தைக் கொடுத்துவிட்டு, படத்தை ஓடவிட்டேன்.

அந்தத் தடவை அவன் வாசிக்கவில்லை. பேசினான். உடைகிற கப்பலில் நிற்கிற ஒரு மனிதன் தன் ஆட்களைப் போகச் சொல்கிற குரல் அது. கடைசி வரியில் குரல் பிசிறி, திரும்பி நேராயிற்று. அந்தப் பிசிறை எந்தக் கம்பியூட்டராலும் செய்ய முடியாது. ஒரே எடுப்பு.

பிறகு சில்லறைச் சத்தங்கள் சேர்ப்பதற்காக மாலைவரை அவனை உள்ளேயே வைத்திருந்தேன். றஸ்னா எடுத்துக்கொண்டே இருந்தாள். மதவாச்சி தாண்டிவிட்டான் என்றேன். வாகனம் பழுதாம் என்றேன். அஸருக்கு வைத்த அடக்கத்தை அவனுக்காக மஃரிபுக்குத் தள்ளினார்கள். அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்றபோது, "அடக்குங்கோ, அவர் கோவிக்கமாட்டார்" என்று நான்தான் அனுமதி கொடுத்தேன். யாராவது ஒரு முடிவு சொல்லத்தானே வேண்டும்.

மைதானத்தில் மணல் தெரியாத அளவுக்குச் சனம். கப்டன் பேசத் தொடங்கியதும் கடலைக்காரன்கூடக் கத்துவதை நிறுத்தினான். முடிந்ததும் கைதட்டியவர்கள் நிறுத்தவில்லை. நௌபரைத் தோளில் தூக்கினார்கள். அவன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. இறக்கிவிட்ட பிறகுதான் போனை அவன் கையில் கொடுத்து, "தங்கச்சி எடுத்தவ" என்றேன். கைதட்டலை முழுதாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தது என்னுடைய யோசனை.

வஸீர் நானாதான் வானில் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்தபோது அடக்கிய இடத்து மண் காய்ந்திருந்தது. அந்த வீட்டில் நௌபர், "உம்மா போறதுக்கு முன்னம் என்னோட கதைச்சவ, சனிக்கிழமை பத்து மணிக்கு" என்று சொல்லியிருக்கிறான். பத்து மணிக்கு உம்மாவின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நாடகத்துக்காகத் தாயை விட்டவன், இப்போது மையித்தின் பெயரிலும் பொய் சொல்கிறான் என்று சொந்தக்காரர் முகம் கொடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு அவன் ஓட்டோவை எடுக்கவில்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கேட்டான்.

"டீச்சர், நீங்கதானே லைன் போட்டது. உம்மாதானே கதைச்சவ? எனக்கு மூளை பிசகிட்டுதோ தெரியேல்ல."

"ஓம் நௌபர். உம்மாதான்" என்றேன். அவனிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அழகான கடைசி வார்த்தைகள் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன?

நேற்றுப் பின்னேரம் றஸ்னா வந்தாள். தனியாக, பஸ்ஸில். வாசல் படலைக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் நின்றாள். மெலிந்து போயிருந்தாள்.

"அக்கா, நானா பொய் சொல்றவர் இல்ல. அவர் சாப்பிடுறாரில்ல, படுக்கிறாரில்ல. அண்டைக்கு அவரோட கதைச்சது ஆர்?"

அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நௌபருக்காவது ஒரு பிரியாவிடை கிடைத்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இந்தப் பிள்ளைக்கு உம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் அல்லவா போய்விட்டார். அதனால் நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, "றஸ்னா மகள், நீ என்னை நல்லாப் பார்த்தாய். நான் குறை ஒண்டும் இல்லாமத்தான் போனனான்" என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் படலையைத் தாண்டி வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

செருப்பு இங்கேதான் கிடக்கிறது. நாளைக்கு நானே புத்தளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உம்மாவின் குரல் இல்லாமல் அந்த வீடு எப்படி வெறிச்சோடிக் கிடக்கிறதோ, பாவம்.