துரவின் மேல் ஒரு பச்சை

இந்தச் செடிக்கு அதிகம் தண்ணீர் விடக் கூடாது ஐயா. ஜூனிப்பர் என்று பெயர். முழங்கால் உயரம்கூட எழும்பாது. பாய் விரித்த மாதிரி நிலத்தோடு படரும். வேலணை உப்புக் காற்றுக்கு ஒரு கிழமை தாங்காது என்று எல்லாரும் சொன்னார்கள். ஐந்து வருடமாகிறது, வாடவில்லை.

கனடாவிலிருந்து வந்திருந்தபோது நிருபன்தான் கொழும்பில் வாங்கிவந்து நட்டார். வீடு நிற்கிற இந்த வளவு அவருடையது. அதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு பின்பக்க அறையில் இருக்கிறவள் நான், இராசமணி. செடிகளுக்கு நடுவில் ஒரு துரவு இருக்கிறது, சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. அதைத் தூர்த்துவிடும்படி நிருபனின் மனைவி லோஜனா போனில் சொன்னார். நல்ல தண்ணீர் ஊறும் இடத்தை இந்த ஊரில் யாராவது தூர்ப்பார்களா? எனக்குக் கோபம் வந்தது. பழைய வலையொன்றை வாயில் விரித்து, கிளைகளை அதன்மேல் இழுத்துக் கட்டினேன். ஓரத்தில் வாளி இறங்க மட்டும் இடம் விட்டேன். வருடம் போகப் போகப் பச்சை மூடிக்கொண்டது. படம் அனுப்பினேன்.

"தூர்த்தாச்சுப் போல. நல்ல வடிவாய் இருக்கக்கா" என்றார் லோஜனா. நான் மறுக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை நிருபன் தனியே வந்தார். வீட்டை உல்லாசப் பயணிகள் விடுதியாக்கப் போகிறாராம். "உங்களுக்கு யாழ்ப்பாணத்திலை ஒரு முதியோர் இல்லத்திலை இடம் கேட்டு வைச்சிருக்கிறன். நல்லாய்ப் பாப்பினம் அக்கா."

கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, செடிக்கு நடுவில் நின்று லோஜனாவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார். கால் வைக்குமுன் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இதுக்குள்ளை பாம்பு கீம்பு கிடக்குமோ?"

"பாம்பு ஒண்டும் இல்லைத் தம்பி."

அது உண்மை. பாம்பு இருக்கவில்லை. நான் தள்ளவும் இல்லை.

விழுந்ததில் கால் முறிந்திருக்க வேண்டும். தண்ணீர் இடுப்பளவு. அக்கம்பக்கத்து வளவுகளில் ஆளில்லை. நிருபனைக் கேட்டு லோஜனா போன் எடுத்தபோது, நயினாதீவுக் கோயிலுக்குப் போய்விட்டார், அங்கேயே தங்குவார் என்றேன். வீணாகக் கவலைப்படுவாரே. துரவில் அள்ளாமல், பவுசர் வண்டியில் வாங்கிவைத்த தண்ணீரைச் செடிக்கு விட்டேன். வாளிக் கயிறு குசினிச் சுவரில்தான் தொங்கியது. நீங்கள் வந்தபோதும் அங்கேதான் தொங்கியது, நான் ஒளிக்கவில்லை.

ஆனால் அவரைத் தனியே தவிக்க விட்டேன் என்று பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கூப்பிட்ட போதெல்லாம் அடுப்பில் உலை இருந்தாலும் எழும்பிப் போனேன்.

"ஆரும் வருகினமோ அக்கா?"

"வருகினம் தம்பி. கயிறு எடுக்கப் போயிட்டினம்."

புதன்கிழமை பின்னேரம் வரை அப்படித்தான் சொன்னேன். பயத்தோடு ஒருவரைச் சாக விட எனக்கு மனம் வராது. கடைசியாகக் குரல் மெலிந்துபோய், "நல்ல காலம், நீங்கள் இஞ்சை இருக்கிறியள் அக்கா" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டார் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அதையும் எழுதுங்கள் ஐயா.