நடைமேடையில் அப்பா சொன்னது

— "வெள்ளிக்கிழமைப் படத்துக்கு வந்திருந்தவர்கள் இருவர். கார்குழலி முதல் பெஞ்சில், சன்னல் ஓரம். நான் கதவை ஒட்டி, ஸ்டூலில். மற்ற பத்து மாணவர்களும் வரவில்லை." இதுவரைக்கும் சரியா, கார்குழலி பாப்பா?

— சரிதான் இருசப்பன் சார். ஆனா பொண்ணுக்கு எழுதற லெட்டர்ல யாரு எங்க உக்காந்தாங்கன்னு எதுக்கு? நம்ம டிபார்ட்மென்ட் மீட்டிங் குறிப்பு மாதிரியே இருக்கு.

— திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துல எங்களுக்கு அப்படித்தான் கத்துக் குடுத்தாங்க. மொதல்ல தேதி, ரெண்டாவது எடம், மூணாவது ஆளுங்க. அப்புறந்தான் சேதி. இந்த ஆபீஸ்ல முப்பது வருஷமா கிளார்க்கா குப்ப கொட்டறேன், எல்லாக் கடுதாசியும் அப்படித்தான்.

— சார், சேதிக்கு வர்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். காலையிலேருந்து அதுக்குத்தான் வராந்தாவுலயே சுத்திக்கிட்டிருக்கேன்.

— எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. வரிசையா வருவோம். மொதல்ல நீ.

— போன மாசம் ஒரு ஜப்பான் படம் பாத்தோமில்ல. கறுப்பு வெள்ளை.

— அப்பன் ஸ்டேஷன்ல கொடி காட்டற ஆளு. பொண்ணு ரயிலேறிப் போயிடும். அதுதானே?

— அதான் சார். கீழ ஓடுன எழுத்து பிரெஞ்சு. நான்தான் உங்களுக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

— நீ சொல்லலன்னா நான் வெறும் பொம்மதான் பாத்துட்டு வந்திருப்பேன்.

— எனக்கும் அவ்வளவா தெரியாது சார். பிரெஞ்சு ஒரே ஒரு செமஸ்டர்தான் படிச்சேன். பாதி அவங்க மூஞ்சியப் பாத்து சொன்னது.

— சும்மா சொல்லாத.

— நெசமாத்தான். இப்ப செமினாருக்கு அந்தப் படத்த எடுத்துக்கிட்டு, அகராதி வெச்சி வரி வரியாப் பாத்தேன். கடைசியில பிளாட்பாரத்துல அந்த அப்பா ஒண்ணு சொல்வாரே...

— "தப்பு என்னுதுதாம்மா. நீ போயிட்டு வா."

— அது நான் சொன்னது. அவரு சொல்லல. அங்க இருக்கறது "இல் ஃபோ பார்த்தீர்". கெளம்பணும்னு அர்த்தம். "ஃபோ"ன்னா வேணும். அதுக்குப் பின்னாடி இன்னும் ஒரு எழுத்து வந்தா "ஃபோத்", தப்பு. ஒண்ண இன்னொண்ணாப் படிச்சிட்டேன்.

— வெறும் கெளம்பணும்தானா?

— அவ்ளோதான். அந்த ஊரு அப்பாங்க அதுக்கு மேல வாயத் தெறக்கமாட்டாங்க போல.

— இந்த ஊருல மட்டும் தெறந்து கொட்டறோமாக்கும்.

— ஒரு மாதிரி இருக்கு சார். தெரியலன்னே சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க ஸ்டூல எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போயிடுவீங்கன்னு பயம். வெள்ளிக்கிழமை ஆனா கிளாஸ்ல எல்லாம் பீச்சுக்குக் கெளம்பிடுதுங்க. அரியாங்குப்பம் போனா, என்ன படம்னுகூட வீட்ல கேக்கமாட்டாங்க. "என்னமோ எல்லா நாட்டு சினிமாவும் பாக்கறா"ன்னு எங்கம்மா அக்கம்பக்கத்துல சொல்லும். "அப்புறம் என்னா சொன்னான்"னு பக்கத்துல உக்காந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான்.

— ம். இப்ப என் சேதி. எம் பொண்ணு அன்புசெல்வி பதில் போட்டிருக்கு.

— அயர்லாந்துலேருந்தா? ஆறு வருஷமாப் பேசலன்னீங்க.

— நீ படிக்கிறியே இதே ஒப்பிலக்கியம், இதுல சேரத்தான் அதுவும் அப்ளிகேஷன் பாரம் வாங்கியாந்துச்சி. கண்ட நாட்டுக் கதையும் படமும் ஓவியமும் படிச்சி என்னா பண்ணப் போறன்னு நான்தான் கிழிச்சிப் போட்டேன். நர்சிங்ல தள்ளிவுட்டேன். முடிச்ச கையோட பிளேன் ஏறிடிச்சி. போன் எடுக்காது. நான் பாட்டுக்கு வாராவாரம் பாத்த படத்த எழுதி அனுப்புவேன். இதான் மொத பதில். நீயே படி. நான் பிரிச்சிப் பிரிச்சி மடிப்பெல்லாம் நைஞ்சி போச்சு.

— "அப்பா, நீங்கள் எழுதிய ஜப்பான் படத்தைத் தேடிப்பிடித்து இரண்டு தடவை பார்த்தேன். நடைமேடையில் அந்த அப்பா கிளம்பணும் என்று மட்டும்தான் சொல்கிறார். தப்பு என்னுது என்று எங்கும் சொல்லவில்லை. அதைச் சொன்னது யார்? நீங்களா?" ... அவ்ளோதானா சார்?

— அவ்ளோதான்.

— உடனே உண்மைய எழுதிடுங்க சார். கார்குழலின்னு ஒரு பொண்ணு பிரெஞ்சு தெரியாம உளறிட்டான்னு என் பேரப் போட்டே எழுதுங்க. இல்லாத வார்த்தைய நம்பி அவங்க மனசுல ஏதாச்சும் நெனச்சிக்கிட்டா, அப்புறம் பொய்யின்னு தெரிஞ்சா, மறுபடி எழுதவே மாட்டாங்க.

— அதத்தான் நானும் மூணு நாளா நெனச்சிக்கிட்டிருக்கேன். இரு, எழுதிடறேன்.

— இன்னிக்குப் பாத்த படத்தப் பத்தி?

— இந்த வாரம் படம் வேணாம். புதுத் தாள்ல ஒரே வரிதான். ஆச்சு. அந்தக் கோந்து பாட்டில இப்படித் தள்ளு.

— தப்பு பண்ணது யாருன்னு தெளிவாப் போட்டீங்களா?

— போட்டாச்சு. ஒட்டியும் ஆச்சு. வா, வாசல் கேட் பக்கத்துல தபால் பெட்டி வரைக்கும் நடப்போம். நாலு மணிக்கு எடுக்க வந்துடுவான்.

— குடுங்க, நானே போடறேன். ... விழுந்துடுச்சி சார். இப்பவாவது சொல்லுங்க, என்னா எழுதுனீங்க?

— "அதைச் சொன்னது நான்தாம்மா."