சொந்தக்காரங்களுக்கு இங்க வேலை இல்ல

இல்லம்மா, எந்திரிக்காதே, உக்காரு. இன்டர்வியூ முடிஞ்சிருச்சுதான். ஆனா கடைசியா நீ ஒண்ணு கேட்டியே, நல்ல எச்.ஆர். மேனேஜர் ஆகணும்னா என்ன செய்யணும்னு, அதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல. உனக்கு முன்னாடி வந்ததுங்க எல்லாம் சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனைன்னுதான் கேட்டுச்சுங்க. நீ ஒருத்திதான் இதைக் கேட்டே. பையைக் கீழ வெச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது.

அல்மாட்டி மாதிரி பெரிய பட்டணத்துல ரெண்டு வருஷம் படிச்சிருக்கே. சர்டிபிகேட் எல்லாம் பளபளன்னு இருக்கு. என்கிட்ட அப்படி ஒரு காகிதம்கூடக் கெடையாது, தெரியுமா? நான் ஸ்கூல்ல பூகோளம் சொல்லிக் குடுத்துட்டிருந்தவ. சம்பளம்னு ஒண்ணு வராத காலம் அது. அப்பதான் தெமிர்கான் வந்தாரு. எங்க தெருவுக்கு அடுத்த தெரு. ஷிம்கென்ட் டவுனைத் தாண்டி ஒரு கொட்டாயைப் புடிச்சு, கட்டடத்துக்குப் போடற கம்பிக்கு இரும்பு உருக்க ஆரம்பிச்சிருந்தாரு. ஒரு வகுப்புப் புள்ளைங்களை நீ வாயை மூட வெக்கறேன்னா என் வெல்டருங்களையும் வெப்பே, வா ரைஹான்னு கூப்பிட்டாரு. அதான் என் படிப்பு. அவ்வளவுதான்.

ஆளைப் பாக்கறதெல்லாம் போகப் போக வந்துரும். உன் பலவீனம் என்னன்னு கேப்பாங்களே, அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்ல. எவன் உண்மையைச் சொல்லுவான்? முந்தின எடத்தை ஏன் விட்டேன்னு மட்டும் கேப்பேன். பழைய மேஸ்திரியைத் திட்டித் தீக்கறான்னா, நாளைக்கு என்னையும் எங்கயோ உக்காந்து அப்படித்தான் திட்டுவான். ஒண்ணுமே சொல்லாம சுவத்தைப் பாத்தான்னா உள்ள ஏதோ ரணம் இருக்கு. அவனுக்கு ஒரு டீயைக் குடுத்துட்டு சும்மா இருக்கணும். அவனே பேசுவான்.

அது இல்லம்மா கஷ்டம். வேலை குடுக்கறது யாருக்கும் வரும். இல்லைன்னு சொல்றதுக்குத்தான் இங்க சம்பளம். அதுவும் நம்ம பக்கத்துல. ஒருத்தன் வந்து உக்காந்து ஏழு தலைமுறைப் பேரைச் சொல்ல ஆரம்பிச்சான்னா, அஞ்சாவதுலயே நமக்குச் சித்தப்பன் மொறை ஆயிடுவான். அப்புறம் எங்க இல்லைன்னு சொல்றது? ஒரு கல்யாண விருந்துல என் பெரியம்மா மகன் மைக்கைப் புடிச்சான். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தினான், ஒரு பாட்டு பாடினான், பாட்டு முடிஞ்ச கையோட, என் பையன் வீட்டுல சும்மா இருக்கான், நம்ம ரைஹான் அவனைக் கைவிட மாட்டாங்கறான். அத்தனை பேரும் கை தட்டறாங்க. நான் வாயில வெச்ச கறியை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. இன்னொருத்தர், குளிர்காலத்துக்குன்னு குதிரையை அறுத்துக் கறி சேத்து வெக்கற சமயத்துல, ஒரு முழுக் குதிரைத் தொடையை என் வீட்டுக் கதவுல மாட்டிட்டுப் போயிட்டாரு. அதைத் தோள்ல போட்டுட்டு பஸ்ல போயி அவரு வீட்டுலயே திருப்பி வெச்சுட்டு வந்தேன். பஸ்ல இருந்தவங்க எல்லாம் எங்க விருந்துன்னு கேட்டாங்க.

சிரி, சிரி. எனக்கும் இப்ப சிரிப்பாத்தான் இருக்கு. அப்ப சிரிக்கல.

அதுக்காகத்தான் அந்த போர்டு. கேட்டுல பாத்திருப்பியே, சொந்தக்காரங்களுக்கு இங்க வேலை இல்லன்னு. நான்தான் எழுத வெச்சேன். தெமிர்கானுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. வர்றவங்களை எல்லாம் கேட் பக்கத்துல நிறுத்தி, படிச்சீங்களா, இது எனக்கும் சேத்துத்தான்னு சொல்லுவாரு. ஆளுங்களுக்கும் அதுல ஒரு பெருமை. இங்க கை சுத்தமா இருந்தாப் போதும், மாமன் மச்சான் வேண்டாம்னு ஊரெல்லாம் பேசுவாங்க. நல்ல வெல்டருங்க அதனாலயே எங்ககிட்ட வந்தாங்க.

அப்பதான் என் தம்பி ஓராஸ் வந்து நின்னான்.

தம்பின்னு சொல்லல, அவன் மாதிரி வெல்டரு இந்தப் பக்கத்துல கெடையாது. அவன் போட்ட ஜாயின்ட்டைத் தடவிப் பாத்தா எங்க ஒட்டினான்னே தெரியாது. அவன் வேலை செஞ்ச கம்பெனி மூடிருச்சு. அம்மாவோட இருக்கற கடைக்குட்டி, நம்ம வழக்கப்படி அவன்தான் வீட்டைப் பாத்துக்கணும், ஊரை விட்டுப் போக முடியாது. அக்கா, பேரு வேணாம், பரிச்சை வெச்சு எடுன்னான். பரிச்சை வெச்சேன். அவன்தான் முதல்ல வந்தான். நான் நேரா தெமிர்கான்கிட்ட போனேன். மத்தியானச் சாப்பாட்டுல இருந்தாரு. விஷயத்தைச் சொன்னேன். அவரு மேஜைல இருந்த ரொட்டியைக் கையில எடுத்தாரு. ரைஹான், இன்னிக்கு உன் தம்பி, நாளைக்கு யாருக்கு என்ன பதில் சொல்லுவே? என் ரத்தத்துல ஒருத்தரும், கல்யாணம் கட்டி என் வீட்டுல வந்து பூந்தவங்க ஒருத்தரும், இந்த வாசல் மிதிக்க மாட்டாங்க, பொய்யின்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்னாரு. ரொட்டியைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டா அப்புறம் என்ன பேச்சு இருக்கு? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இப்படி ஒரு மனுசன்கிட்ட வேலை செய்யறோமேன்னு.

வெளிய வந்து ஓராஸ்கிட்ட இல்லைன்னுட்டேன். அவன் சண்டை போடலம்மா. அதான் கொடுமை. சரிக்கான்னுட்டு, மறுமாசமே ரஷ்யாவுக்கு பஸ் ஏறிட்டான். வடக்க எங்கயோ குழாய் பதிக்கற வேலை. அங்கயே ஒரு குடும்பம் ஆயிருச்சு. கடைசிப் புள்ளை இல்லாத வீட்டை என்ன பண்றது? பூட்டி, வித்து, அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். மருமகன் வீட்டுல சாகறதுக்கா ஆம்பளைப் புள்ளை பெத்தேன்னு ஒரு தடவைதான் கேட்டா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசினதெல்லாம் ஜன்னலைத் தொற, ஜன்னலை மூடு, அவ்வளவுதான். போய்ச் சேந்துட்டா. ஓராஸ் மண்ணுப் போட வந்தான். எல்லார் கையையும் புடிச்சான். என் கையைப் புடிக்காமப் போயிட்டான்.

இல்லம்மா, அழுகையெல்லாம் இல்ல. தண்ணி வேண்டாம்.

நான் என்ன நெனச்சிட்டிருந்தேன்னா, சரி, அவ்வளவு குடுத்தோம், அதுக்கு இந்த எடமாவது சுத்தமா நிக்குதேன்னு. அதை வெச்சுத்தான் தூங்கினேன். போன வெள்ளிக்கிழமை தெமிர்கான் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. அவரே டீ ஊத்தினாரு, கிண்ணம் விளிம்பு வரைக்கும். மதிக்கிற ஆளுக்குப் பாதிக் கிண்ணம்தானே ஊத்துவோம், திரும்பத் திரும்பக் கேட்டுக் குடிக்கட்டும்னு? நிறைச்சுக் குடுத்தா குடிச்சிட்டு கெளம்புன்னு அர்த்தம். கிண்ணத்தைப் பாத்தேன், அவரைப் பாத்தேன். களைச்சுட்டே ரைஹான், உதவிக்கு ஒரு பொண்ணை எடு, தொழிலைச் சொல்லிக் குடு, அப்புறம் நிம்மதியா ஓய்வெடுன்னாரு. நீயே தகுதி பாத்து எடு, நான் தலையிட மாட்டேன்னு வேற சொன்னாரு. நான் எடுத்தாத்தான் ஆளுங்க நம்புவாங்க. எவ்வளவு நல்ல மனசு பாரு.

இன்னிக்கு நீ வந்தே. எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்குனு பதில். சண்டை போட்ட ரெண்டு ஷிப்ட் ஆளுங்களை எப்படிச் சமாளிப்பேன்னு கேட்டதுக்கு நீ சொன்ன பதில் எனக்கே தோணினது இல்ல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். எங்க டைரக்டர் பேரு என்னன்னு கேட்டேன், சும்மா, கம்பெனியைப் பத்திப் படிச்சியான்னு பாக்க. பெரியவருன்னே. மறுபடி கேட்டேன், இங்க தலைமைல இருக்கறவருன்னே. சரி மறந்துருச்சு போலன்னு, இங்க என்ன உருக்கறோம்னு கேட்டேன். கெட்டியான சாமான்னே. இரும்பு உருக்கற எடத்துல வேலை கேட்டு வந்துட்டு, இரும்புங்கற வார்த்தை வாயில வரல உனக்கு. நம்ம பாஷைல தெமிர்னாலே இரும்புதானே. மாமனார் பேர்ல இருக்கற வார்த்தையைக்கூட வாய்விட்டுச் சொல்லாத மருமகதான் அதைக் கெட்டின்னு சொல்லுவா. நானும் என் மாமனார் பேருக்காக அப்படி ஒரு வார்த்தையை எத்தனையோ வருஷம் முழுங்கினவதான்.

தலையைக் குனியாதேம்மா. உன் மேல எனக்குக் கோவமில்ல. பொறந்த வீட்டுப் பேரைப் போட்டுக்கோ, நம்ம வீடுன்னு காட்டிக்காதேன்னு உனக்குச் சொல்லி அனுப்பியிருப்பாங்க. பொய் சொல்ல வந்த எடத்துலயும் மரியாதையை விடல பாரு நீ. வந்ததுலயே நீதான் நல்ல ஆளு. அதான் எனக்கு வயித்தெரிச்சல். வேற கம்பெனியா இருந்தா நானே கையைப் புடிச்சுக் கொண்டுபோயி சேத்துவிடுவேன்.

நல்ல எச்.ஆர். மேனேஜர் ஆக என்ன செய்யணும்னு கேட்டேல்ல? கேளு. போன வருஷம் உலைகிட்ட நிக்கற ஆளுங்களுக்குக் கையுறை வாங்காம இழுத்தடிச்சாரு. நான் எல்லார் முன்னாடியும் எதுக்க நின்னு, தெமிர்கான், நீங்க செய்யறது தப்புன்னேன். மறுநாள் கையுறை வந்துச்சு. இந்த வேலைன்னா அதான். மத்ததெல்லாம் காகிதம். நீ ஒரே ஒரு தடவை அதைச் சொல்லு. சத்தமாக்கூட வேண்டாம். தெமிர்கான், நீங்க செய்யறது தப்புன்னு சொல்லிட்டேன்னா, இப்பவே கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறேன். உதட்டையாவது அசை.

தெரியும். முடியாது.

நாளைக்கு அவரே உன்னைக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலில உக்கார வெப்பாரு, அதுவும் தெரியும். என் கையால நடக்காது, அவ்வளவுதான். பையை மறக்காம எடுத்துக்கோ. வெளிய மஞ்சக் கோட்டு போட்ட பொண்ணு ஒண்ணு காத்துட்டிருக்கு, போகும்போது அவளை உள்ள வரச் சொல்லு. அவகிட்ட மொதல்ல டைரக்டர் பேரைத்தான் கேக்கப் போறேன்.